குழாய் மாறும் காலை

1

இன்று காலை எழுந்து குளியலறைப் பக்கம் போனவன், கதவுக்கு வெளியே இருக்கும் ஹீட்டர் சுவிட்சுக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டேன். ருவைஸில் இந்த வருடத்தின் முதல் குளிர் விடிந்திருந்தது. குளிர் என்றதும் ஊட்டியை நினைத்துக்கொள்ள வேண்டாம். ஆறு மாதம் அடுப்புக்குள் இருந்தவனுக்கு, அடுப்பை அணைத்தால் எப்படி இருக்குமோ அவ்வளவுதான். ஆனாலும் உடம்பு சிலிர்க்கும், வெந்நீர் கேட்கும். வளைகுடாவில் இருக்கிற ஒவ்வொருவரும் இப்படி ஒரு காலையில் கட்டைவிரலால் அந்தச் சுவிட்சைத் தட்டிவிட்டுப் பல் தேய்க்கப் போவார்கள். அது ஒரு காரியம் என்றே யாருக்கும் தோன்றாது.

எனக்கும் போன வருடம் வரை தோன்றியதில்லை. போன வருடம் இதே மாதிரி ஒரு காலையில்தான் என் மகன் பாலுவின் உடம்பு வெந்தது.

ஊரில் இருப்பவர்களுக்கு எங்கள் குழாய்களைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் மேற்கொண்டு நான் எழுதுவது எதுவும் பிடிபடாது. எல்லா ஊரையும் போல இங்கும் குளியலறையில் இரண்டு குழாய்கள். சிவப்புப் பொட்டு வைத்தது வெந்நீருக்கு, நீலப் பொட்டு வைத்தது தண்ணீருக்கு. ஆனால் கோடையில் மொட்டைமாடித் தொட்டி வெயிலில் காய்ந்து கிடக்கும். நீலக் குழாயைத் திறந்தால் கை வைக்க முடியாது. அதனால் சித்திரை கடந்ததும் எல்லோரும் ஹீட்டரை அணைத்துவிடுவோம். அணைத்த ஹீட்டர் ஏசி ஓடுகிற வீட்டுக்குள் கூரைக்கு அடியில் தொங்குவதால், அதற்குள் தேங்கிய தண்ணீர் மெல்ல ஆறிவிடும். ஒரு வாளிக்குப் போதும். ஆக, கோடை முழுக்கச் சிவப்புக் குழாயில்தான் குளிர்ந்த தண்ணீர். நீலம்தான் சுடும். குளிர் வந்ததும் ஹீட்டரைப் போடுவோம், குழாய்கள் தங்கள் நிறத்துக்குத் திரும்பிவிடும்.

புதிதாக ஊரிலிருந்து வருகிறவன் முதல் வாரமே நீலக் குழாயைத் திறந்து கையைச் சுட்டுக்கொள்வான். ரூமில் இருக்கிறவர்கள் சிரிப்பார்கள். அதோடு கற்றுக்கொள்வான். யாரும் எழுதி ஒட்டுவதில்லை, யாரும் யாரிடமும் சொல்வதில்லை. வருடத்துக்கு இரண்டு முறை இங்குள்ள வீடுகளெல்லாம் வாய் திறக்காமல் குழாய் மாறிக்கொள்கின்றன.

2

நான் இங்கே எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியன். காண்ட்ராக்ட் ஆள்தான். எளிமையாகச் சொன்னால் சூட்டையும் அழுத்தத்தையும் காவல் காக்கிற வேலை. எங்கள் ஆலையில் ஒரு வால்வை யாரும் தன் இஷ்டத்துக்குத் திறந்துவிட முடியாது. பெர்மிட் வாங்க வேண்டும். பூட்டுப் போட்டுச் சிவப்பு அட்டை தொங்கவிட வேண்டும். டூட்டி மாறும்போது அடுத்து வருகிறவனிடம் நேருக்கு நேர் நின்று, "இன்னது மூடியிருக்கு, இன்னது திறந்திருக்கு" என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏற வேண்டும். வந்தவன் அதைத் திருப்பிச் சொல்லிக் காட்ட வேண்டும். சொல்லாமல் போனவன் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் மறுநாள் சூப்பர்வைசர் முன்னால் நின்று வாங்கிக் கட்டிக்கொள்வான்.

அந்த ஆலையிலிருந்து வீட்டுக்கு வந்து, அதே கையால் ஹீட்டர் சுவிட்சைத் தட்டுகிறேன். யாரிடமும் ஒரு வார்த்தை கிடையாது. இதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரமாக வருகிறது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

3

பாலுவுக்கு இருபத்தாறு வயது. நாலு வயதுப் பிள்ளையின் புத்தி என்று டாக்டர்கள் சொல்வார்கள். எனக்கு அந்தக் கணக்குப் பிடிக்காது. எந்த நாலு வயதுப் பிள்ளை ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, அப்பா டூட்டி முடிந்து வரும்வரை முணுமுணுக்காமல் காத்திருக்கும்? பேச்சு அதிகம் வராது. அப்பா, சோறு, போ, இன்னும் நாலைந்து சொற்கள். வலி என்று சொல்லத் தெரியாது. சந்தோஷமானாலும் பயந்தாலும் "ஓ" என்று ஒரே கத்தல்தான்.

அவன் அம்மா கமலா இருந்தவரை எனக்கு ஒரு கவலையும் இல்லை. பெண் குழந்தை நித்யா அவனுக்குப் பிறகு பிறந்து, இங்கேயே படித்து, மேற்படிப்புக்கு இங்கிலாந்து போய்விட்டாள். கமலா புற்றுநோயில் போனதும் நானும் பாலுவும் மட்டும் மிஞ்சினோம். எனக்குப் பன்னிரண்டு மணி நேர டூட்டி, அதுவும் ஷிஃப்ட். அவன் போய்க்கொண்டிருந்த பள்ளியோ வயதாகிவிட்டது என்று நிறுத்திக்கொண்டது. பெரிய ஆளான பிறகு இவர்கள் எல்லாம் எங்கே போய்விடுவார்கள் என்று நினைத்தார்களோ.

முதலில் அறந்தாங்கிப் பக்கம் எங்கள் அண்ணன் வீட்டில்தான் கொண்டுபோய் விட்டேன். சொந்த ரத்தம், வேறென்ன வேண்டும் என்று நினைத்தேன். அடுத்த லீவில் போனபோது அவன் இளைத்திருந்தான். அதுகூடப் பரவாயில்லை. வாசலில் யாராவது செருப்பு கழற்றும் சத்தம் கேட்டால் போதும், தானாகவே எழுந்து பின்கட்டு அறைக்குப் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டான். விருந்தாளி வந்தால் அப்படி உட்கார வேண்டும் என்று யாரோ பழக்கியிருந்தார்கள். மறுநாளே கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் புஜைராவில் இருக்கும் வசந்தியம்மாவைப் பற்றிக் கேள்விப்பட்டேன். யாழ்ப்பாணத்துக்காரர். முன்பு ஓர் அரபு வீட்டில் படுத்த படுக்கையாக இருந்த பெரியவரைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவர். கணவர் சிவம், துறைமுகத்தை ஒட்டிய எண்ணெய்த் தொட்டி வளாகத்தில் வேலை. பிள்ளைகள் கனடாவில். பழைய வில்லா ஒன்றின் கீழ்த்தளத்தில் இருந்தார்கள். அந்த வீட்டில் ஏற்கனவே மேரி இருந்தாள். நாகர்கோவில் பக்கத்து நர்ஸ் ஒருத்தியின் அக்கா. வயது நாற்பதுக்கு மேல் இருக்கும், பேச்சே கிடையாது, எந்நேரமும் வசந்தியம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடப்பாள்.

நான் ருவைஸில், அந்த வீடோ நாட்டின் மறுகோடியில். அப்படியும் விட்டேன். முதல் தடவை நாங்கள் போனபோது வாசலில் செருப்பைக் கழற்றினேன். பாலு பழக்கதோஷத்தில் சுவரைத் தேடிப் போய் உட்கார்ந்தான். வசந்தியம்மா போய் அவனுக்கும் சுவருக்கும் நடுவில் இடம் பிடித்து உட்கார்ந்து, "நான் இஞ்சை இருக்கிறன், என்னைப் பாருங்கோவன்" என்றார். அந்த நிமிடத்தில் முடிவு செய்தேன்.

எங்கள் ஏற்பாட்டுக்கு இங்கே பெயர் கிடையாது. அது விடுதி இல்லை, ஆஸ்பத்திரி இல்லை, உறவினர் வீடும் இல்லை. ஒரு குடும்பம், அதற்குள் இரண்டு பேர் கூடுதலாகச் சாப்பிட்டுத் தூங்குகிறார்கள். பெயர் இல்லாததால் கேள்வியும் இல்லை. யாரும் வந்து பார்த்ததில்லை, யாரும் எதையும் எங்களிடம் கேட்டதில்லை. அப்போது அது எனக்கு வசதியாகவே இருந்தது.

4

போன வருடக் கோடையில் வசந்தியம்மா ஒரு வீடியோ அனுப்பினார். பாலு இடுப்பில் துண்டோடு, தலை சொட்டச் சொட்ட, குளியலறை வாசலில் நிற்கிறான். பின்னாலிருந்து அவர் குரல்: "அண்ணை, பாருங்கோ! இண்டைக்குத் தனியக் குளிச்சவர்!"

அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். பிறந்ததிலிருந்து யாராவது ஒருவர் குளிப்பாட்டிய பிள்ளை அவன். வளர்ந்த ஆண்பிள்ளையை இன்னொரு வீட்டுப் பெண் குளிப்பாட்டுகிறாளே என்ற கூச்சம் எனக்கும் உண்டு. அவனுக்கும் ஏதோ கூச்சம் இருந்திருக்கிறது என்பது வசந்தியம்மா சொல்லித்தான் தெரிந்தது. அவர் போனால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வானாம். அதனால்தான் பழக்கினார். கோடை முழுக்கப் பழக்கினார். வாசலுக்கு வெளியே நின்று, ஒவ்வொன்றாகச் சொல்லி. வாளியை வை. பைப்பைத் திற. மூடு. வார்.

நீலக் குழாய் சுடுமே என்று பயந்து, சிவத்திடம் சொல்லி அதன் கைப்பிடியையே கழற்றி அடுப்படி இழுப்பறையில் போட்டுவிட்டார். "உனக்கு ஒரு பைப் தான். இந்தச் சிவப்பு. விளங்குதே?" அவனுக்கு விளங்கியது. ஒன்றைக் கற்றுக்கொண்டால் விடவே மாட்டான். அவ்வளவு கவனமாக அந்தப் பெண் செய்தது இது. இதை நான் யாரிடம் சொன்னாலும் பாதிப் பேர் நம்புவதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குளியலறைக்குள் குரல் எதிரொலிப்பது பாலுவுக்குப் பிடித்துப்போயிற்று. ஒவ்வொரு குவளை வார்த்ததும் "ஓ" என்று கத்துவான். அடுப்படியிலிருந்து வசந்தியம்மா "ஓய்" என்று பதில் கொடுப்பார். அவன் சிரித்துவிட்டு அடுத்த குவளையை வார்ப்பான். நான் போயிருந்த நாள்களில் நானும் ஹாலில் இருந்தபடி பதில் கொடுத்திருக்கிறேன்.

5

அந்தக் காலையில் சிவம் நைட் டூட்டி முடிந்து வந்தார். குளிராக இருந்தது. அவர்கள் அறையை ஒட்டி வேறொரு குளியலறை உண்டு. ஆனால் பழைய வீடு, இரண்டுக்கும் ஒரே ஹீட்டர். சுவிட்சைப் போட்டார். காத்திருந்து, குளித்தார். போய்ப் படுத்தார். ஹீட்டர் தன்பாட்டுக்குக் கொதித்துக்கொண்டிருந்தது.

வசந்தியம்மா அடுப்படியில் இருந்தார். பாலு எழுந்து, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, வாளியை வைத்து, அவனுக்குத் தெரிந்த ஒரே குழாயைத் திறந்தான்.

நான் போய்ச் சேர்ந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் வசந்தியம்மா தரையில் உட்கார்ந்திருந்தார். வீட்டில் தனியே விட முடியாததால் மேரியும் கூட. முந்தானையின் ஒரு முனையை மேரி பிடித்திருந்தாள். என்னைக் கண்டதும் வசந்தியம்மா எழுந்திருக்கக்கூட இல்லை.

"முதல் ஓ எண்டு கத்தினவன் அண்ணை. நான் பிட்டுக்கு மாக் குழைச்சுக்கொண்டு நிண்டனான். வழமை போல ஓய் எண்டு குரல் குடுத்தனான். பிறகும் கத்தினவன். பிறகும் குரல் குடுத்தனான். சிரிச்சுக்கொண்டு குடுத்தனான் அண்ணை. நான் குரல் குடுத்தபடியாத்தானே எல்லாம் சரி எண்டு நினைச்சு அடுத்த கோப்பையையும் வார்த்திருக்கிறான்…"

மூன்றாவது கத்தலில்தான் ஏதோ வித்தியாசம் தெரிந்து ஓடியிருக்கிறார். தோள், முதுகு, ஒரு பக்கத் தொடை. தோல் கையோடு வந்துவிட்டது என்று சொல்லி, அவர் தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து என்னிடம் காட்டினார். அந்தக் கைகளை என்னால் பார்க்க முடியவில்லை.

சிவம் கொஞ்சம் தள்ளிச் சுவரோடு நின்றார். "சுவிச்சைப் போட்டது நான் அண்ணை. ஒரு வார்த்தை இவவுக்குச் சொல்லியிருக்கலாம். போட்டிட்டன் எண்டு ஒரு வார்த்தை." திரும்பத் திரும்ப அதையே சொன்னார்.

அன்று காலை ருவைஸில் நானும் சுவிட்சைத் தட்டியிருந்தேன். வெந்நீர் முதுகில் விழுந்தபோது சுகமாக இருந்தது என்பதுகூட நினைவுக்கு வந்தது. ஏறக்குறைய அதே நேரமாக இருந்திருக்கும்.

6

ஆஸ்பத்திரி கவுன்டரில் ஏற்கனவே ஒரு கூத்து நடந்து முடிந்திருந்தது. கவுன்டரில் இருந்தவர் ஹிந்தியில் கேட்டிருக்கிறார், இவன் உனக்கு யார் என்று. வசந்தியம்மாவுக்குத் தெரிந்த ஹிந்தி கடைத்தெரு ஹிந்தி. பதற்றத்தில் "மேரா பச்சா" என்றிருக்கிறார், என் பிள்ளை என்று. அவர் அதை அப்படியே பதிந்துகொண்டார். பிறகு அடையாள அட்டையைப் பார்த்தால் பிள்ளை இந்தியன், அம்மா இலங்கை, விசாவுக்கு ஸ்பான்சர் செய்த அப்பாவோ இவள் புருஷன் இல்லை. உடம்பெல்லாம் வெந்த புண் வேறு. போலீஸைக் கூப்பிடாமல் என்ன செய்வார்கள்? அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் கூப்பிட்டிருப்பேன்.

வந்த அதிகாரி சின்ன வயதுக்காரர், மரியாதையானவர். அவருடைய அரபியை ஒரு பட்டான் டிரைவர் ஹிந்தியில் மொழிபெயர்த்தார். என் மகன் ஏன் என் வீட்டில் இல்லை என்று அதிகாரி கேட்டார். டூட்டி என்றேன். இந்தப் பெண் உன் வீட்டு வேலைக்காரியா என்றார். இல்லை என்றேன். சொந்தமா? இல்லை. பிறகு யார்? எனக்கு ஒரு சொல் அகப்படவில்லை. தமிழிலேயே அகப்படாத சொல்லை ஹிந்தியில் எங்கே போய்த் தேடுவது? "அவன் அங்கே இருக்கிறான், அவ்வளவுதான்" என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

கடைசியில் கேள்வி ஒன்றே ஒன்றாக நின்றது. இவர்கள் மேல் புகார் கொடுக்கிறாயா, இல்லையா? கொடுத்தால் வழக்கு. சிவத்துக்கு வேலை போகும், இருவரும் நாட்டை விட்டுப் போக வேண்டியிருக்கும். யோசித்துச் சொல் என்று அவகாசம் கொடுத்துவிட்டுப் போனார்.

7

என் மகள் நித்யாவின் வேலையைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அண்ணனைப் பார்த்து வளர்ந்ததாலோ என்னவோ, அவள் இங்கிலாந்தில் இந்தத் துறையிலேயே படித்து, இந்தத் துறையிலேயே வேலையும் பார்க்கிறாள். பாலு மாதிரி வளர்ந்தவர்களைத் தங்கள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் குடும்பங்கள் அங்கே உண்டாம். அதற்குப் பெயர் உண்டு, பயிற்சி உண்டு, யார் வீடு, எந்த வீடு என்று எல்லாவற்றையும் பார்த்துத்தான் அனுமதிப்பார்களாம். அந்த வீடுகளுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்று பார்ப்பது இவள் வேலை. குழாய்த் தண்ணீரில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்ப்பார்களாம்.

போனில் அழுதாள். பிறகு அழுகையை நிறுத்திவிட்டு அதிகாரிக் குரலில் பேசத் தொடங்கினாள்.

"அந்த வீட்டை யாருப்பா செக் பண்ணாங்க? ஒருத்தராவது?"

"நாந்தான் மாசாமாசம் போறேனேம்மா."

"யூ வென்ட் டு ஸீ ஹிம், அப்பா. யூ டிட்ன்ட் செக்."

பார்க்கப் போவது வேறு, சோதிக்கப் போவது வேறு என்கிறாள். ஆலையில் நான் இரண்டையும் ஒன்றாக நினைத்ததே இல்லை.

"வசந்தி ஆன்ட்டி நல்லவங்கதான். நல்லவங்களா இருந்தா போதுமா? கம்ப்ளைன்ட் குடுங்கப்பா. அங்க மேரியும் இருக்காங்க. நாளைக்கு அவங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"கம்ப்ளைன்ட் குடுத்தா மேரி எங்க போவா? உங்கண்ணன் எங்க போவான்?"

"தட்ஸ் நாட் தி பாயின்ட்."

"எனக்கு அது ஒண்ணுதான்மா பாயின்ட்."

அவள் ஊரில் அது வேறு விஷயமாக இருக்கலாம். அங்கே ஒரு வீட்டை மூடினால் இன்னொரு வீட்டை யாராவது தேடித் தருவார்கள்போல. நான் சிறுபிள்ளையிலிருந்து தமிழில் கொஞ்சி வளர்த்த பெண். இப்போது அவள் சொல்வதில் பாதி எனக்கு மொழி விளங்கவில்லை, மீதிப் பாதியில் அவள் சொல்வதுதான் சரி என்று விளங்குகிறது. சரியானதைச் செய்ய என்னிடம் வசதி இல்லை. இதை மகளிடம் எந்த மொழியில் சொல்வது?

ஆஸ்பத்திரியில் பாலு யார் கையிலும் சாப்பிடவில்லை. நர்ஸ் ஊட்டினால் வாயை மூடிக்கொண்டான். நான் ஊட்டினால் இரண்டு வாய். வசந்தியம்மா வந்து கதவோரம் நின்றார், உள்ளே வரத் தைரியம் இல்லாமல். அவரைப் பார்த்ததும் பாலு கட்டுப் போட்ட தோளோடு கையைத் தூக்கினான். அவர் வந்தார். ஊட்டினார். முழுவதும் சாப்பிட்டான்.

மறுநாள் புகார் இல்லை என்று கையெழுத்துப் போட்டேன்.

எனக்குப் பெரிய மனசு என்று ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் போன் செய்தார்கள். கையைப் பிடித்துக்கொண்டு சிவம் அழுதார். நான் மன்னித்துவிட்டதாக எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். உண்மையைச் சொல்கிறேன், நான் யாரையும் மன்னிக்கவில்லை. அந்த அம்மாவின் மேல் இருந்த கோபம் அப்படியே இருந்தது, நன்றியும் அப்படியே இருந்தது. என் பிள்ளையைக் கொண்டுபோய் விட எனக்கு வேறு வீடு இல்லை. அதனால் கையெழுத்துப் போட்டேன். நித்யாவும் அதைத்தான் சொன்னாள், "யூ நீட் ஹெர், தட்ஸ் ஆல்" என்று. அதற்குப் பிறகு அவள் வெகுநாள் என்னை அழைக்கவில்லை.

8

தோல் வைத்து ஒட்டிய காயங்கள் ஆறி, பாலு வசந்தியம்மா வீட்டுக்கே திரும்பினான். நான் லீவு போட்டுப் போய், நீலக் குழாயின் கைப்பிடியைத் திரும்ப மாட்டினேன். ஹீட்டர் சுவிட்சின் மேல் ஒரு பெட்டி அடித்துப் பூட்டினேன். ஆலையில் தொங்கவிடுவது போலவே ஒரு சிவப்பு அட்டை. சாவி வசந்தியம்மாவின் தாலிச் சங்கிலியில். இங்கிலாந்திலிருந்து ஒரு பார்சல் வந்தது. கடுதாசி எதுவும் இல்லை. உள்ளே ஒரு சின்னப் பித்தளை வால்வு. எவ்வளவு கொதித்தாலும் குறிப்பிட்ட சூட்டுக்கு மேல் குழாயில் தண்ணீர் விடாது. அதையும் மாட்டினேன். தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்து, அளவைப் படம் எடுத்து நித்யாவுக்கு அனுப்பினேன். கட்டைவிரல் படம் ஒன்று பதிலாக வந்தது.

பாலுவுக்கு இது எதுவும் பொருட்டே இல்லை. மாதக்கணக்கில் அவன் குளிக்கவில்லை. தண்ணீர்ச் சத்தம் கேட்டாலே போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவான். ஈரத்துணியால் துடைத்துத்தான் விட்டார்கள். பிறகு ஒரு நாள் வசந்தியம்மா அவன் முன்னால் தன் கையைக் குவளைக்குள் விட்டுக் காட்டியிருக்கிறார். அவன் குவளையைப் பார்க்கவில்லையாம். அவர் முகத்தைப் பார்த்தானாம். வெகுநேரம் பார்த்துவிட்டு, கொஞ்சம் காலில் ஊற்றிக்கொண்டானாம்.

இப்போது அவன் குளிக்கிறான். ஆனால் கூட ஓர் ஆள் உள்ளே நிற்க வேண்டும். முதல் குவளையை அந்த ஆளின் கையில் ஊற்றுவான். ஊற்றிவிட்டு முகத்தைப் பார்ப்பான். முகம் சரியாக இருந்தால்தான் அடுத்தது அவன் மேல். "சூடில்லடா" என்று நாம் எத்தனை முறை சொன்னாலும் காதில் வாங்க மாட்டான். குரல் கொடுப்பவர்களை அவன் நம்புவதில்லை. குளியலறைக்குள் கத்துவதும் நின்றுவிட்டது.

9

இன்று காலை சுவிட்சைத் தொடாமல் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு, டூட்டி இல்லாத நாள் என்பதால் வண்டியை எடுத்துக்கொண்டு புஜைரா வந்துவிட்டேன். பாலைவனம் முடிந்து மலை வருகிற இடத்திலிருந்தே மனசு லேசாகிவிடும், எப்போதும். கதவைத் திறந்த வசந்தியம்மாவின் முகம் சரியில்லை. டீ போட்டுக்கொண்டு வந்து வைத்துவிட்டு நின்றார். பின்னால் மேரி.

"அண்ணை, இவருக்குக் கொன்ராக்ட் முடியுது. இனிப் புதுப்பிக்கமாட்டினமாம். நாங்கள் மாசியிலை ஊருக்குப் போறம்."

கையில் எடுத்த டீயைத் திரும்ப வைத்தேன்.

"மேரியின்ர தங்கச்சிக்கும் சொல்லிப்போட்டன். அவ அழுறா. பாலுவை…" என்று தொடங்கி நிறுத்தினார். "பாலுவையும் கூட்டிக்கொண்டு போகட்டோ எண்டு கேக்கத்தான் நினைச்சனான். இவ்வளவும் நடந்த பிறகு அதைக் கேக்க எனக்கு வாய் வரேல்லை."

கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்? கடவுச்சீட்டு, விசா, நாடு என்று ஆயிரம் இருக்கிறது. அதெல்லாம் இல்லாமலே இருந்தாலும் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியவில்லை. வேண்டாம் என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. அண்ணன் வீட்டுப் பின்கட்டுச் சுவர் நினைவில் வந்து நின்றது.

"பார்ப்போம்மா" என்று மட்டும் சொன்னேன்.

அதற்குள் பாலு துண்டோடு வந்துவிட்டான். நான் வருகிற நாளில் நான்தான் அவனோடு குளியலறைக்குள் நிற்க வேண்டும், அது அவன் வைத்திருக்கும் சட்டம். சட்டையைக் கழற்றினான். தோளிலும் முதுகிலும் ஒட்டுப்போட்ட தோல் வேறு நிறத்தில் பளபளத்தது. வாளியை வைத்தான். குழாயைத் திறந்தான், மூடினான். குவளையில் மொண்டு, நீட்டிய என் கையில் ஊற்றினான்.

தண்ணீர் இதமாகத்தான் இருந்தது. "நல்லாருக்குடா, ஊத்திக்க" என்றேன். சிரிக்கவும் செய்தேன். அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். இன்னொரு முறை மொண்டு ஊற்றினான், மறுபடியும் பார்த்தான். பிறகு குவளையில் மிச்சமிருந்ததை வாளிக்குள்ளேயே கொட்டிவிட்டு, துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, உலர்ந்த உடம்போடு வெளியே போய்விட்டான்.